ஒன்பதாவது சீசன், மூன்றாவது வட்டு

ஜெனோவா,
முதல் எபிசோடிலிருந்து ஆரம்பிக்காதே.
கோள் அட்டைப்பெட்டியில் செய்தது.
கலத்தின் கதவைச் சாத்தினால் சுவரும் சேர்ந்து ஆடும்.
மூன்றாம் வாரத்துச் சுருள் தீயில் போயிற்று;
நான்காம் வாரம் ஒருவன் கையில் கட்டோடு வருகிறான்,
ஏன் என்று முப்பத்தெட்டு வருடமாய்
யாருக்கும் தெரியாது.

கதை இவ்வளவுதான்:
நட்சத்திரங்களுக்கு நடுவே
கடிதம் கொண்டுபோகும் ஒரு கிழட்டுக் கலம்.
போய்ச் சேரும்போது எழுதியவர் இருக்கமாட்டார்,
சில சமயம் பெறுபவரும்,
ஒருமுறை அந்தக் கோளே இல்லை.
ஆனாலும் கதவைத் தட்டியாக வேண்டும்,
அது சட்டம்.
பெயர் 'தாமதத் தபால்'.
சிரிக்காதே. இந்த ஹல் நகரத்தில்
லிஃப்டில் வாய் திறக்காத டாக்டர்கூட
அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

ஆறாம் மாடியில் கேள், ஆளுக்கொரு வழி.
ஸ்ட்ரெச்சர் தள்ளும் டெரெக்: ஒன்று, இரண்டு, மூன்று,
ஒழுங்காக, ஏமாற்றாமல்.
மருந்தகத்து நஸ்ரீன்: ஐந்திலிருந்து,
அப்போதுதான் அவர்களுக்குப் பணம் வந்தது.
ரத்தவங்கிப் பையன் அட்டவணையே வைத்திருக்கிறான்,
பார்க்க வேண்டியது பச்சை, தாண்ட வேண்டியது சிவப்பு.
ஒன்பதாவது சீசன் முழுக்கச் சிவப்பு.
நம்மூர் தேருக்குக்கூட இத்தனை நியமம் கிடையாது.

நான் நுழைந்த வழியை எவரும் சொல்லமாட்டார்கள்.
வந்த பதினோராம் நாள்.
நோயாளியின் டிவி, சத்தமில்லாமல்.
டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன்.
திரையில் ஒரு தாடிக்காரர்
தபால் சாக்கில் தலைவைத்துக் கிடந்தார்,
சுற்றி நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.
கட்டிலில் இருந்தவர் அழுதார்.
வலியா, ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று
மனப்பாடம் செய்திருந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.
அவர் திரையைக் காட்டினார்.
பத்து, என்றார்.

போஸ்ட்மாஸ்டர் ஹாலட்
செத்த பிறகுதான் எனக்கு அறிமுகம்.
அப்புறம் பின்னோக்கிப் போனேன்.
இரண்டாவது சீசனில், தாடியில்லாமல்,
தன் டீக்கோப்பையைத் தேடிக் கலம் முழுக்க அலைகிறார்.
எல்லாரும் சிரிக்கிற இடம் அது.
நான் மட்டும் ரிமோட்டை இறுக்கிக்கொண்டு
"ஐயா, அந்த வாசல்ல நிக்காதேயும்" என்கிறேன்.
பன்னிரண்டு சீசன் முன்கூட்டியே.

உனக்கு அது வேண்டாம் என்று
நான்காவது சீசன், ஆறாவது எபிசோடைத் தேர்ந்தெடுத்தேன்.
தனிக் கதை, சாவு கிடையாது, ஒரு நாய் உண்டு.
ஞாயிற்றுக்கிழமை திரைச்சீலையை இழுத்துவிட்டு
ஹம்பர் காற்று ஜன்னலைத் தட்டத் தட்ட
முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன்.
நாய் வருவதற்குள் நீ தூங்கிவிட்டாய்.
நான்கு ராத்திரி டூட்டி.
சத்தத்தைக் குறைத்தேன்.
நாயை நான் தனியாகப் பார்த்தேன்.

வியாழக்கிழமை ஹெஸில் ரோட்டுப் பழங்கடையிலிருந்து
ஒரு வாணலி, பொத்தான் போன ஒரு கோட்டு,
ஐம்பது பென்ஸுக்கு ஒரு டிவிடி கொண்டுவந்தாய்.
அட்டையில் முதல் சீசன்.
உள்ளே ஒன்பதாவதின் மூன்றாவது வட்டு.
முழுச் சிவப்பு, அதிலும் நட்டநடுச் சிவப்பு.
வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்.
நீ ஹீட்டர் மேல் காலை வைத்து,
பாதி உரித்த வெங்காயத்தை மடியில் மறந்து,
நானே ஒழுங்காகப் பார்த்திராத ஒரு புயலுக்குள்
உட்கார்ந்திருந்தாய்.

சமையலறைக்குத் திரும்பினேன்.
அங்கிருந்து உன் குரல்:
"ஏட்டி, இந்த ஒத்தக்காதன் பிழைப்பானா?"

எனக்குத் தெரியும்.
எந்த வாரம், எந்தக் கதவுக்குப் பின்னால் என்பதுவரை.

"குக்கர் எத்தனை விசில் வந்துச்சு?" என்றேன்.

"எண்ணலையே" என்றாய்,
பிறகு, ரொம்ப நேரம் கழித்து,
"பேசாம இரு."